அஞ்சலைக்குக் கொடுத்த பத்து நிமிடம்

1
இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் குற்றத்திலிருந்து. 1957, ஆடி மாதம். மலாக்காவில் ஓர் ஆஸ்பத்திரியின் (பெயர் வேண்டாம்) அவசரப் பிரிவில் நான் மொழிபெயர்ப்பாளன். ஊரெல்லாம் மெர்டேக்கா, சுதந்திரம் என்றே பேச்சு.

[காஜா பெராங்கிலிருந்து வந்த ரிக்‌ஷாவிலிருந்து அஞ்சலை இறங்கியபோது மழை... வேண்டாம். மழை பெய்ததா என்று எனக்கே நினைவில்லை. பொய்யில் தொடங்கினால் மீதியை எப்படி நம்புவீர்கள்?]

2
கூட்டிவந்தவன் அவள் புருஷன் பொன்னுதுரை. "மூணு நாளா வாயே தொறக்கல சார். சோறும் தொடல. வீட்டுல புள்ள கோகிலாவுக்கு அம்மை போட்டிருக்கு, இவ இப்பிடி. ரொம்ப சூசா சார், கஷ்டமா இருக்கு."

வெள்ளைக்கார டாக்டர் ஆங்கிலத்தில் கேட்க, நான் தமிழில் கேட்டேன். "காதுல யாராச்சும் பேசுற மாதிரி கேக்குதாம்மா?" பதில் இல்லை. "இன்னிக்கு என்னா கெழம?" அதற்கும் இல்லை.

பத்து நிமிடம். வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். டாக்டர் அட்டையில் மனநோய் என்று எழுதினார். மறுநாள் காலை வேனில் வடக்கே, பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு. அங்கே போய்த் திரும்பியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

(அடிக்குறிப்பு: காலை டாக்டர் பைத்தியம் என்று எழுதியவனுக்கு மாலை டாக்டர் மலேரியா என்று மாற்றி எழுதியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவசரத்தில் வைத்த பெயரை நான் நம்புவதில்லை. அன்றும் நம்பவில்லை.)

3
அவள் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றுக் காப்பு இருந்தது. மாரியம்மனுக்கு மௌன விரதம். திருவிழா முடிய இன்னும் நான்கு நாள். அதுவரை சோறு கூடாது, பேச்சு கூடாது. பேசினால் பிள்ளை போய்விடும் என்று அவள் நம்பியிருப்பாள். பேசாவிட்டால் அவளே போய்விடுவாள்.

ஒரே வீட்டில் இருப்பவன் அதைப் பார்க்கவில்லையா? [உஜோங் பாசிரில் பொன்னுதுரைக்கு இன்னொருத்தி... ஆதாரம் இல்லை. பழி போட ஆள் தேடுகிறேன், அவ்வளவுதான்.]

பேசியதை மட்டுமே மொழிபெயர்க்க வேண்டும், சொந்தமாக ஒரு சொல் சேர்த்தால் வேலை போகும் என்பது எங்கள் விதி. அவள்தான் பேசவில்லையே. நல்ல சாக்கு. உண்மையில், வெள்ளைக்காரன் முன்னால் காப்பு, விரதம் என்றெல்லாம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

4
முடிவு ஒன்று: டாக்டரே காப்பைப் பார்த்து விசாரிக்கிறார். நடக்காது.

முடிவு இரண்டு: அஞ்சலை வாய் திறக்கிறாள். எழுதும்போது கை சுகமாக ஓடியது. அதனாலேயே சந்தேகப்பட்டு அடித்துவிட்டேன்.

மூன்றாவதை நீங்கள் எழுதுங்கள். டாக்டர் இன்னும் பேனாவை மூடவில்லை. "வேறு ஏதாவது உண்டா?" என்று கேட்கிறார். அஞ்சலை உங்களைப் பார்க்கிறாள். என் பதிலை அன்றைக்கே சொல்லிவிட்டேன்: "ஒன்றுமில்லை, சார்."