தந்தமா, தும்பிக்கையா

வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டரை மணி. தயிர் சாதத்தை வாயில் போட்டுக்கொண்டே இடது கையால் அந்தப் புத்தகத்தைப் புரட்டிய லீலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கம் முழுக்க ஒரு மிருகம். பனிக்கட்டிமேல் ஒருக்களித்துப் படுத்திருந்தது. பெருத்த உடம்பு, துடைப்பக் குச்சி மாதிரி மீசை, மேல்வாயிலிருந்து முழ நீளத்துக்கு இரண்டு தந்தம்.

யானை என்றால் தும்பிக்கை மட்டும்தானா? தந்தமும் உண்டே! இது ஏன் புதன்கிழமை என் மண்டையில் உறைக்கவில்லை? டிபன் பாக்ஸை மூடிவிட்டாள். அதற்குமேல் ஒரு வாய் இறங்கவில்லை.

லீலா மண்ணூர்ப் பெண். ஸ்ரீபெரும்புதூருக்கு மெட்ராஸ் பக்கம் டிரங்க் ரோட்டில் இருந்த வால்வு ஃபேக்டரி ஆபீஸில் டைப்ரைட்டரும், வெளிநாட்டுக்குச் செய்தி அடித்து அனுப்புகிற டெலக்ஸ் மிஷினும் அவள் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் முடிய மூன்றே நாள் பாக்கி. திங்கட்கிழமை நிரந்தரம் ஆக்குவார்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆனால் இப்போது அவள் கவலை அது இல்லை. கோதண்டத்தின் கப்பல்.

கோதண்டம் டூல் ரூமில் வால்வுகளுக்குக் கடைசித் தேய்ப்புக் கொடுக்கிறவர். நார்வேயிலிருந்து ஒரு கம்பெனி, கப்பல் எஞ்சினுக்கென்று இங்கே வால்வு வாங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அவர் கைபட்ட ஒரு வால்வுகூடக் குறையென்று திரும்பி வந்ததில்லை. நம்மவர்களாக இருந்தால் ஒரு எவர்சில்வர் குடத்தைக் கொடுத்து, கைதட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு அனுப்பியிருப்பார்கள். வெள்ளைக்காரன் விசித்திரமானவன். துருவக் கடலுக்கு மிருகங்கள் பார்க்கப் போகும் கப்பலில் அவருக்கு ஓர் இடம் என்று எழுதிவிட்டான். வடதுருவமா, ஜூலையில் ஒரு கப்பல். தென்துருவமா, ஜனவரியில் இன்னொன்று. இரண்டில் ஒன்றை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டுக்கும் தடித்தடியாக வழவழ காகிதத்தில் படப் புத்தகம் வேறு.

அதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப் புதன்கிழமை கோதண்டம் ஆபீஸுக்கு வந்தார். அவர் எப்போது ஆபீஸுக்கு வந்தாலும் துண்டைத் தோளிலிருந்து இறக்கி, வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் பேசுவார். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மரியாதையா என்று லீலாவுக்குச் சங்கடமாக இருக்கும். அன்றைக்கும் வாயைப் பொத்தியபடி, புத்தகங்களைத் தொடக்கூட இல்லாமல் சொன்னார்.

"எனக்குக் கடல் யானை பாக்கணும்மா. அது எந்தக் கடல்ல கீதோ, அந்தக் கப்பலு. நீயே பாத்துப் போட்டுடு."

படத்தைக் காட்டி, இதுவா அண்ணே என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இங்கிலீஷ் தெரிந்தவள் என்ற மிதப்பு. அகராதியைப் புரட்டினாள். 'கடல் யானை' என்ற தமிழுக்கு நேரே என்ன இங்கிலீஷ் போட்டிருந்ததோ, அந்தப் பெயர் தெற்கே போகிற கப்பலின் புத்தகத்தில் இருந்தது. மூக்கு தொங்கிப்போய், தும்பிக்கையில் பாதியை வெட்டி ஒட்டினதுபோல ஒரு பிராணி. சரிதான் என்று தெற்கு என்றே டெலக்ஸ் அடித்துவிட்டாள். வியாழக்கிழமை பதில் வந்தது: தெற்கு உறுதி. மாற்றம் ஏதும் இருந்தால் வெள்ளிக்கிழமை உங்கள் நேரப்படி மாலை ஐந்து மணிக்குள், எழுத்துப் பிழையாக இருந்தால் மட்டும், காரணத்தோடு தெரிவிக்கவும். மனம் மாறியதற்கெல்லாம் மாற்ற இயலாது.

இன்றைக்குக் கோதண்டத்துக்கு என்னென்ன கம்பளித் துணி வேண்டுமென்று தமிழில் ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்கலாமே என்று நல்லெண்ணத்தோடு மற்றப் புத்தகத்தையும் எடுத்ததில்தான் இந்தத் தந்தக்காரன் வந்து நிற்கிறான். இவன் தெற்கே கிடையாது. வடக்கே மட்டும்தான் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

கோதண்டத்துக்கு இன்று செகண்ட் ஷிப்ட். இரண்டரை மணிக்குத்தான் பஸ்ஸில் வருவார். அதுவரை பொறுக்க முடியாமல் டூல் ரூமுக்கு ஓடினாள். முதல் ஷிப்ட் நாகப்பன் கையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார். கோதண்டத்தோடு ஒரே பெஞ்சில் வேலை பார்க்கிறவர்.

"அண்ணே, கோதண்டம் அண்ணன் கடல் யானை, கடல் யானைங்கறாரே. அதுக்குத் தந்தமா, தும்பிக்கையா?"

சிரிக்க ஆரம்பித்த நாகப்பன் பெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"இன்னாம்மா நீ! அந்தாளு வாயப் பாத்ததே இல்லியா? ரெண்டு பல்லும் இத்தாம் பெருசு, உதட்டத் தாண்டி வெளிய கீது. நார்வேக்காரன் மொத மொத ஆர்டர் குடுத்தப்போ ஒரு காலண்டர் அனுப்பிச்சான். அதுல இந்த மாரி ஒரு மிருகம், ரெண்டு பல்லு தொங்க வுட்டுக்கினு. பேரு இன்னான்னு யாருக்குத் தெரியும்? நான்தான், டேய் இது கடல் யானைடா, நம்ம கோதண்டத்தோட சித்தப்பாடான்னேன். அன்னிலேர்ந்து ஃபேக்டரி பூரா அந்தாளுக்கு அதே பேருதான். கேட் வாட்ச்மேன்லேர்ந்து மேனேஜர் வரைக்கும்."

லீலாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆபீஸ் அறைக்குள்ளேயே கிடந்த அவள் காதில் அந்தப் பெயர் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. மரியாதை என்று அவள் நினைத்திருந்த கை மரியாதைக்குப் பொத்தியது இல்லை.

ஆக, இந்தத் தொழிற்சாலையின் கடல் யானைக்குத் தந்தம். அகராதியின் கடல் யானைக்குத் தும்பிக்கை. நாகப்பன் வாய்க்கு வந்தபடி வைத்த பெயரை நம்பி ஒரு மனிதர் உலகத்தின் ஒரு கோடிக்குப் போக வேண்டியவர், இவள் அகராதியைப் பார்த்து அவரை மறு கோடிக்கு அனுப்பியிருக்கிறாள்.

ஆனால் அதுவும் நிச்சயமா? பன்னிரண்டு வருஷமாகத் தன்னைக் கேலி பண்ணுகிற மிருகத்தை ஒருவர் எதற்குத் தேடிப் போகப்போகிறார்? ஒருவேளை நிஜமாகவே வேறு எதையாவது படித்துவிட்டுக் கேட்டிருந்தால்? மறுபடி ஊகத்தில் மாற்றி, அதுவும் தப்பாகப் போனால்? அவரையே கேட்டால்தான் உண்டு. எப்படிக் கேட்பது, என்ன வார்த்தையில் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

இரண்டரைக்குப் பஸ் வரவில்லை. மூன்று மணிக்கும் வரவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் உடையவர் கோயில் தேர் அன்றைக்கு. சுங்குவார்சத்திரத்திலிருந்து வருகிற பஸ் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு நிற்பதாக சைக்கிளில் வந்த ஒருவன் சொன்னான். லீலா டெலக்ஸ் மிஷினைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். நாலு கடிதத்தில் தேதியைத் தப்பாக அடித்துக் கிழித்துப் போட்டாள். மாதாவே, பஸ்ஸைக் கொண்டுவந்து சேர்த்துவிடு, அப்புறம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள்.

நாலேகாலுக்குப் பஸ் வந்தது. கார்டு அடிக்க வரிசையில் நின்ற கோதண்டத்தைத் தனியே கூப்பிட்டு, இரண்டு புத்தகத்தையும் விரித்து நீட்டினாள். அவள் ஒன்றுமே கேட்க வேண்டியிருக்கவில்லை. எண்ணெய்க் கறை படிந்த விரல் நேராகத் தந்தத்தின்மேல் போய் நின்றது.

"இதாம்மா. கலர்ல எவ்ளோ நல்லாக் கீது!"

"அண்ணே, நான் இன்னொண்ணுக்குப் போட்டுட்டேன்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "தெற்க போட்டுட்டேன். இது வடக்க இருக்குது. அஞ்சு மணி வரைக்கும்தான் மாத்த முடியும்."

கோதண்டம் வாயைப் பொத்தியபடியே, விரல் பட்ட கறையைப் படத்திலிருந்து துண்டு நுனியால் துடைத்தார். கோபித்திருந்தால்கூட லீலாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"இத நேருல ஒரு தபா பாக்கணும்னு ஆசம்மா," என்றார். "இவ்ளோ பல்ல வெச்சிக்கினு எப்டித் துன்னுது, எப்டித் தூங்குது, அதும் பாட்டுக்கு எப்டிக் கீதுன்னு. வேற ஒண்ணுமில்ல. சரி வுடு, மாத்த முடியலன்னா போவுது."

போகட்டும் என்று விட லீலாவால் முடியவில்லை. வெளியே போகிற எந்த டெலக்ஸுக்கும் மேனேஜர் ரகுபதி கையெழுத்து வேண்டும். அவர் அறைக்குள் அவள் நுழைந்தபோது மணி நாலரை. தேர்க் கூட்டத்தில் தாமதமான செகண்ட் ஷிப்டை எப்படி ஈடுகட்டுவது என்று எரிச்சலில் இருந்தார் ரகுபதி. அவள் சொன்னதைப் பாதிதான் கேட்டார்.

"வடக்கோ தெற்கோ, ரெண்டும் ஐஸ்தானேம்மா? ரெண்டுலயும் மிருகம்தானே? அந்தாளுக்கு என்ன வித்தியாசம் தெரியப்போவுது?"

"அவர் கேட்டது ஒண்ணு சார். நான் போட்டது ஒண்ணு."

"காரணம் கேக்கறான் இல்ல? என்ன எழுதறது?"

"டைப்பிஸ்ட் தப்புன்னு எழுதுங்க சார்."

ரகுபதி இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "இந்த டெலக்ஸோட காப்பி மெட்ராஸ் ஹெட் ஆபீஸுக்கும் போவும். தெரியுமில்ல? திங்கட்கிழமை உன் ஃபைல் அங்க மேசைல இருக்கும். வெளிநாட்டுக்காரன்கிட்ட கம்பெனி மானத்த வாங்கின டைப்பிஸ்ட்டுன்னு நானே எழுதிக் குடுத்துட்டு, அப்புறம் நிரந்தரம் பண்ணுங்கன்னு எந்த வாயால சொல்றது? யோசிச்சுக்க. பேசாம அவர் தெற்கயே போயிட்டு வரட்டும். அவரே ஒண்ணும் சொல்லல."

வீட்டில் அப்பாவுக்கு வேலை இல்லாதது, திங்கட்கிழமை, எல்லாம் ஒன்றாக லீலாவின் நினைவுக்கு வந்தன. பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கோதண்டத்தின் விரல் தந்தத்தின்மேல் போய் நின்ற வேகம் கண்முன்னே நின்றது.

"எழுதுங்க சார்," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

ரகுபதி பேனாவை மூடி வைத்துவிட்டார். "நீ சின்னப் பொண்ணு. உனக்குப் புரியல. கேக்கறேன், சொல்லு. கடல் யானைன்னு அவர் தெளிவாத்தானே சொன்னார்? அது எதுன்னு இந்த ஃபேக்டரில இருக்கற நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். ஆறு மாசமா இங்கதானே வேல பாக்கற? உனக்கு மட்டும் எப்பிடித் தெரியாமப் போச்சு? அக்கறை இல்லாம வேல பாத்தா இப்படித்தான்."

வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது. கோதண்டம் உள்ளே வந்தார். யாரும் கூப்பிடாமல் அவர் அந்த அறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. வந்தவர் கையைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். லீலா முதல்முதலாக அவர் முகத்தை முழுசாகப் பார்த்தாள்.

"சார், அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல," என்றார். "அதுக்கு எப்டி சார் தெரியும்? இங்க என்னக் கடல் யானைன்னு கூப்புடாதது அது ஒண்ணுதான். ஒரு நாளு, ஒரு தபா கூட அது வாயால வந்ததில்ல. கூப்ட்டுக்கினு இருந்திருந்தா, எது கடல் யானைன்னு கரீட்டாத் தெரிஞ்சிருக்கும்."

சுவர்க் கடிகாரம் நாலு நாற்பத்தைந்து காட்டியது. ரகுபதிக்கு முகம் கறுத்துவிட்டது. லீலா சேருவதற்கு முன்னால், போன ஆயுத பூஜைக்கு மைக்கைப் பிடித்து, அடுத்ததாகப் பரிசு வாங்க வருகிறார் நமது கடல் யானை என்று அத்தனை பேர் நடுவில் அறிவித்தவர் அவர்தான். அன்றைக்கு அவர் சம்சாரம்கூடக் கைதட்டிச் சிரித்தாள்.

"உக்காருங்க கோதண்டம்," என்றார். கோதண்டம் உட்காரவில்லை.

ரகுபதி பேனாவைத் திறந்தார். காகிதத்தில் ஏதோ எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். கையெழுத்துப் போட்டு லீலாவிடம் நீட்டும்போது இரண்டு பேர் முகத்தையும் பார்க்கவில்லை. "சீக்கிரம் அடி. மணியாவுது," என்று மட்டும் சொன்னார்.

லீலா ஓடினாள். டெலக்ஸ் முன்னால் உட்கார்ந்தாள். கோதண்டத்தின் பெயரை இரண்டு தடவை தப்பாக அடித்து மறுபடி அடித்தாள். தெற்கை மாற்றி வடக்கு, ஜூலை மாதம், தந்தமுள்ள மிருகம். காரணம் என்ற இடத்துக்கு வந்து காகிதத்தைப் பார்த்தாள். டைப்பிஸ்ட் பிழை என்று எழுதி, டைப்பிஸ்ட் என்பதைக் கனமாகக் கோடிட்டு அடித்திருந்தது. அதன் மேலே ரகுபதியின் கையெழுத்தில் வேறு ஒரு வார்த்தை இருந்தது. அதை இங்கிலீஷில் அப்படியே அடித்தாள். எங்கள் பிழை.

ஐந்துக்கு மூன்று நிமிஷம் இருக்கையில் மிஷின் தானாகத் தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. பின்னால் வந்து நின்ற கோதண்டம், "இன்னாம்மா சொல்றான்?" என்று கேட்டார்.

"வடக்குன்னு சொல்றான் அண்ணே," என்றாள் லீலா.