மாலை வண்டியும் ஒட்டாத செல்களும்

2023 நவம்பர் 21, செவ்வாய்க்கிழமை. பெங்களூரிலிருந்து கோலார் தங்கவயல் போகும் மாலை வண்டி இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது.

அதனால்தான் ஸ்வீட்டிக்கு விஷயம் தெரிந்தது.

தங்கவயலை ஒட்டிய ஊரிகத்திலிருந்து தினமும் பெங்களூர் ஆய்வுக்கூடம் ஒன்றுக்குப் போய்வந்தாள். ஜெலட்டினையும் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டையும் கலந்து ஜெல் செய்து, அதன்மேல் தோல் செல்களை வளர்க்கும் வேலை. தீப்புண்ணுக்குப் போடலாம் என்பது எண்ணம். செல்கள் ஒட்டினால்தான் பரவும், பெருகும். ஒட்டவில்லை. ஜெலட்டினைக் கூட்டினாள், குறைத்தாள், ஜெல்லை இறுக்கினாள். காலையில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் உருண்டை உருண்டையாகத் திரண்டு மிதக்கும். இந்த மாதமும் ஒட்டாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள், அவள் வேலையும் போகும் என்று திட்டத்தை நடத்தும் லதா மேடம் சொல்லியிருந்தார்.

வீட்டில் அப்பா கிளாரன்ஸ் மட்டும். தங்கச் சுரங்க ஷாஃப்டில் இறங்கி வேலை பார்த்துக் கெட்ட நுரையீரல். இருட்டினால் மூச்சு வாங்கும். மருந்து மாஸ்க்கை அவள்தான் மாட்டிவிட வேண்டும். கதவைத் திறக்கும்போதே கேட்பார்.

“இன்னாம்மா, ஒட்டிச்சா?”

“இல்லப்பா.”

“சைக்கிள் கடையில பஞ்சர் சொல்யூஷன் வாங்கிப் போடேன்.”

“பேசாதப்பா. மொதல்ல மாஸ்க்க போடு.”

செவ்வாயன்று வண்டி தாமதம் என்றதும், அப்பாவைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டு ஃப்ளோரா ஆன்ட்டியிடம் போனில் சொல்லிவிட்டு ஆய்வுக்கூடத்திலேயே இருந்தாள். வழக்கமாக, ஜெல்மேல் செல்களைச் சொட்டாக விட்ட கையோடு கிண்ணம் நிறைய வளர்ப்புத் திரவத்தை ஊற்றிவிட்டு வண்டிக்கு ஓடுவாள். அன்று இரண்டு மணி நேரம் கழித்து, கிளம்பும்போதுதான் ஊற்றினாள்.

மறுநாள் காலை எதுவும் மிதக்கவில்லை. செல்கள் ஜெல்மேல் தட்டையாகப் படிந்து, கால் நீட்டிப் பிடித்திருந்தன. ஜெல்லில் குறையில்லை. ஒட்டுவதற்கு நேரம் கொடுக்காமல் ஒவ்வொரு மாலையும் அவளே அவற்றைக் கிளப்பி விட்டிருக்கிறாள்.

லதா மேடம் மைக்ரோஸ்கோப்பில் எடுத்த படத்தைப் பார்த்தார்.

“கலவை சரியில்லைன்னு நேத்தே மேல எழுதி அனுப்பிட்டேனே. நீதானே சொன்னே?”

“ஒரு மாசம் குடுங்க மேடம். திரும்பச் செஞ்சு காட்டறேன்.”

“குடுக்கறதுக்கு என் கையில இன்னா இருக்கு?”

அன்று வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“இன்னாம்மா, ஒட்டிச்சா?”

“ஒட்டிச்சுப்பா.”

“பாத்தியா, நான் சொல்லல?” சிரித்தார். சிரிப்பு இருமலாகி நிற்காமல் போனது. அவள் மாஸ்க்கை மாட்டினாள்.

நவம்பர் முப்பதாம் தேதி திட்டம் மூடப்பட்டது. டிசம்பருக்கு ஸ்வீட்டி சீசன் டிக்கெட் எடுக்கவில்லை.