கொழுப்பு உரித்த குண்டிக்காய்

எங்கள் காவாந்தண்டலத்தில் கிடாயை அறுத்துத் திறந்ததும் எல்லோர் கண்ணும் முதலில் குண்டிக்காய்க்குத்தான், அதாவது கிட்னிக்குத்தான் போகும். அதைச் சுற்றி வெள்ளையாகக் கொழுப்பு மூடியிருந்தால் வளர்த்தவளுக்குப் பெருமை. என் மனைவி எல்லம்மாள் வளர்த்த கிடாய்களில் அது மூடாமல் இருந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தாலும் குண்டிக்காயைக் கொழுப்போடு கேட்டு வாங்கி, முழுசாக வறுத்து என் தட்டில் வைப்பாள். நான் தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த ஞாயிறுகளை நினைத்தால் இப்போதும் நாக்கு ஊறுகிறது.

ரெண்டாயிரமாவது வருஷ வாக்கில் எனக்கு இடுப்பு வலி என்று காஞ்சிபுரம் போய் ஸ்கேன் எடுத்தோம்.

"கல்லு இல்லை. ஆனா கிட்னியைச் சுத்திக் கொழுப்பு நிறைய இருக்கு. ஆள் ஒல்லியா இருந்தாலும் உள்ளே இப்படிச் சேர்ந்தா பிரஷர் ஏறும், நெஞ்சுக்கு ஆபத்து வரலாம். வாயைக் கட்டுங்க" என்றார் டாக்டரம்மா.

ஈர்க்குச்சி மாதிரி இருக்கிற எனக்குக் கொழுப்பா? என் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு களத்துமேட்டில் சாய்ந்தவர். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

எல்லம்மாளோ பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஆரம்பித்துவிட்டாள்.

"எங்க வூட்டுக்காரருக்குக் குண்டிக்காயச் சுத்திக் கொழுப்பு கீதாம்! டாக்டரே சொல்லிட்டாங்க. நான் வளத்த வளப்பு அப்பிடி!"

தெருவே சிரித்தது. கறிக்கடை சேட்டு என் இடுப்பை அமுக்கிப் பார்த்து, "ஆடித் திருவிழாவுக்கு வெட்ட ஆயிடுவ மாமா" என்றான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

டாக்டரம்மா சொன்னதில் பாதிதான் இவள் காதில் விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். மீதியை எப்படிச் சொல்வது? ஆசை ஆசையாக நீ போட்டதுதான் எனக்கு எமனாகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. போனால் போகட்டும், வைத்தால் தின்றுவிடுவது என்று முடிவு செய்தேன். என்ன மடத்தனம்!

ஞாயிறு வந்தது. தட்டில் குண்டிக்காய் இருந்தது. கொழுப்பைத் துளி விடாமல் உரித்து எடுத்திருந்தாள். குழம்பிலும் எண்ணெய் மிதக்கவில்லை.

"டாக்டரம்மா சொன்னது உனக்கும் கேட்டுச்சா?"

"எனக்கு இன்னா காது செவுடா?"

"அப்புறம் ஏன் ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்ச?"

"பஸ்ஸுல உன் மூஞ்சியப் பாக்க முடியல. நானும் அயுதா நீ அங்கியே போயிருப்ப. அதான் சிரிக்க வெச்சேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத்தினி வருசமா நானே அத்த ஊட்டிக்கினு இருந்துகீறன் பாரு. சரி, துன்னு."

எதிரே உட்கார்ந்து நான் முடிக்கும்வரை பார்த்தாள்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து அவள்தான் முந்திக்கொண்டாள். எனக்கு நெஞ்சு இன்னும் ஒழுங்காக அடிக்கிறது. சேட்டு பழக்கத்தில் கொழுப்போடு கட்டித் தருகிறான். நானே உரித்து, நானே வறுத்து, தட்டில் வைத்துக்கொள்கிறேன். எதிரே உட்கார்ந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.