தயாளனுக்கு ஏறிய சம்சு

பிச்சைமுத்து குடித்தால் தயாளனுக்குப் போதை ஏறும். மூன்று வருஷமாக ஜார்ஜ்டவுனில் இப்படித்தான் நடக்கிறது. டத்தோ கிராமாட் ரோட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் யாரைக் கேட்டாலும், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரிச் சொல்வார்கள்.

அந்தச் சந்தில் குடியை விட்டவர்களுக்கென்று ஒரு மாடிவீடு உண்டு. தங்க இடம் இல்லாதவனுக்குக் கட்டில், மூன்று வேளைச் சோறு, பேச ஆள். ஒரு வருஷம் சுத்தமாக இருந்தால் அரசாங்க வாடகை வீட்டுக்குச் சிபாரிசுக் கடுதாசி. நல்ல ஏற்பாடுதான், நடத்துகிறவன் ஒழுங்காக இருந்தால். தினமும் சாயந்தரம் ஆறு மணிக்கு எல்லாரும் வரிசையில் நின்று வார்டன் தயாளனின் மூக்குக்கு நேரே ஊத வேண்டும். அதனால் ஜனங்கள் அதை ஊதுற வீடு என்பார்கள். ஊதிப் பார்க்க ஒரு மெஷின் அலமாரியில் கிடந்தது. தயாளன் அதைத் தொட்டதில்லை. பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு குடிக்காதவன், அதையே மெடல் மாதிரி மாட்டிக்கொண்டு திரிகிறவன். என் மூக்குக்குத் தெரியாததா மெஷினுக்குத் தெரியப்போகிறது என்பான். இந்த மாதிரி ஆளை நம்பவே கூடாது.

பிச்சைமுத்து குடோனில் மூட்டை தூக்கினவன். சம்சு என்கிற மலிவுச் சாராயத்தால் வேலை போச்சு, வீடு போச்சு, பெண்டாட்டி ஜெயலெட்சுமி புக்கிட் மெர்தாஜாமில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். கடை வரிசைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் அட்டை விரித்துப் படுத்துக் கிடந்தவன், இல்லத்துக்கு வந்து பதினோரு மாசம் ஒன்பது நாள் சுத்தமாக இருந்தான். வீடு கிடைத்தால் திரும்பி வருகிறேன் என்று ஜெயலெட்சுமி சொல்லியிருந்தாள். அது நோன்புப் பெருநாள் வாரம். சந்து முனையில் பலகாரம் விற்கும் ரோஹானா அவனுக்கு நாலு பொட்டலம் தாப்பாய் கொடுத்தாள். ஒட்டுகிற புளூட் அரிசிச் சோற்றை இலையில் கட்டிப் புளிக்க வைப்பது. தின்றால் வாய் கள்ளுக்கடை மாதிரி மணக்கும். பிச்சைமுத்து நாலையும் தின்றுவிட்டு ஆறு மணிக்கு வரிசையில் போய் நின்றான்.

"என்னய்யா, பெருநாள் கொண்டாட்டமா?" என்றான் தயாளன்.

"தாப்பாய் தின்னேன் தம்பி. வேணும்னா அந்த மெஷினை எடுலா."

"எல்லாக் குடிகாரனும் ஏதாவது ஒரு பலகாரத்தைத்தான் சொல்றான். பையை எடு, நடையைக் கட்டு."

ரோஹானா வந்து சத்தியம் செய்தாள். கேட் திறக்கவில்லை. ஜெயலெட்சுமிக்கு யாரோ போன் போட்டுச் சொல்ல, அவள் "மறுபடியுமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். ஏழு மணிக்குப் பிச்சைமுத்து ஒரு போத்தல் சம்சு வாங்கிக் குத்தவைத்து உட்கார்ந்து குடித்தான். மண்ணெண்ணெய் மாதிரி இறங்கியது, தலை மட்டும் கழுவின தட்டு மாதிரி இருந்தது. இன்னொன்று குடித்தான், ஒன்றுமில்லை. அதே நேரம் இல்லத்தில் தன்னடக்கம் பற்றிப் பேசிக்கொண்டிருந்த தயாளன் மேசைக்கடியில் சரிந்து, செத்துப்போன மாமியாரைக் கூப்பிட்டுப் பாட்டுப் பாடினான். மறுநாள் ரோஹானா சொல்லித்தான் பிச்சைமுத்துக்கு விஷயம் தெரிந்தது. காலை பத்து மணிக்கு, தயாளன் பாசாருக்குக் காய்கறி வாங்க ரோட்டைத் தாண்டும்போது பிச்சைமுத்து ஒரு மடக்கு குடித்துப் பார்த்தான். தயாளனுக்குக் கால் பின்னியது. இன்னொரு மடக்கு. விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தான்.

அதற்குப் பிறகு பிச்சைமுத்து நேரம் பார்த்துக் குடித்தான். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகிற வழியில் தயாளன் மதுவை ஒழிப்போம் என்று துணி கட்டித் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தான். எதிர்ப்பக்கம் நின்று பிச்சைமுத்து சின்னச் சின்ன மடக்காகக் குடிக்க, தயாளன் காவடிக்காரர் தலையில் ரோஸ் தண்ணியை ஊற்றி, என்னையும் தூக்கிக்கிட்டுப் போங்கண்ணே என்று அழுதான். தயாளன் அக்கரையில் பட்டர்வொர்த்துக்கு ஓடிப் பார்த்தான், பெர்ரிக் கப்பலிலேயே போதை ஏறிவிட்டது. டாக்டர்கள் ரத்தம் எடுத்துப் பார்த்து, குடிக்காமலிருக்கச் சொன்னார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கடைசியில் தயாளன் அஞ்சடிக்கு வந்தான்.

"அண்ணே, கடுதாசி எழுதிக் கொண்டாந்திருக்கேன். நிறுத்திடுங்கண்ணே."

"ஊது."

ஊதினான்.

"கப்பல் எண்ணெய் மாதிரி நாறுதே. என்ன பலகாரம் தின்னே?"

தயாளன் அழுதான். பிச்சைமுத்து கடுதாசியைத் தொடவில்லை. ஜெயலெட்சுமியிடம் போய் நீ செய்த தப்பைச் சொல்லு, நீ போகிற அன்றைக்குத் தொடமாட்டேன், அவள் வந்தால் அடியோடு நிறுத்துகிறேன் என்றான். பேச்சுத் தவறாமல் அன்றைக்கு ஒரு சொட்டு தொடவில்லை. ஆனால் முந்தின நாள் நாற்றம் தயாளனை விடவில்லை. புக்கிட் மெர்தாஜாமில் கதவைத் திறந்த ஜெயலெட்சுமி மூக்கைப் பொத்தினாள். "ஒரு குடிகாரனுக்கு இன்னொரு குடிகாரன் சாட்சியா?" என்று சாத்தினாள். அதோடு சரி.

இல்லத்துக் கமிட்டித் தலைவி குமுதா டீச்சர் அலமாரியிலிருந்த மெஷினை எடுத்தார். தயாளன் ஊதினான், மெஷின் கத்தியது. அரைப் போத்தலை அப்போதுதான் முடித்திருந்த பிச்சைமுத்து ஊதினான், சைபர். சட்டப்படி தயாளன் வெளியே, பிச்சைமுத்து உள்ளே. மிச்ச நாளை முடித்துக் கடுதாசி வாங்கி, ஆயர் ஈத்தாமில் ஆறாவது மாடியில் வாடகை வீடும் பெற்றான். இரண்டு அறை. ஜெயலெட்சுமி வரவில்லை. தயாளனை அவன் பெண்டாட்டியும் சேர்க்கவில்லை. ஆறு மாசம் தெருவில் கிடந்துவிட்டு அதே இல்லத்தில் கட்டில் கேட்டு வந்தான். கொடுத்தார்கள், அதற்குத்தானே வீடு.

அவனுக்கும் அதே சட்டம்தான்: ஒரு வருஷம் சுத்தம், அப்புறம் கடுதாசி. பிச்சைமுத்து வருஷம் முழுக்கத் தொடுவதில்லை. தயாளனுக்குப் பதினோரு மாசம் தாண்டின பிறகு ஒரே ஒரு போத்தல் வாங்குகிறான். போன வருஷம் வாங்கினான், தயாளனுக்கு மறுபடி முதல் நாளிலிருந்து கணக்கு. குமுதா டீச்சர் பிச்சைமுத்து வீட்டுக்குப் போய்க் கெஞ்சினார். அவன் காலியாகக் கிடக்கும் இரண்டாவது அறையைத் திறந்து காட்டி, டீ கொடுத்து அனுப்பினான்.

இந்த வருஷம் புது வார்டன் ஹாஃபிஸ் போன் போட்டான். "அண்ணே, புதன்கிழமை சுகாதார இலாகாவிலேர்ந்து ஆளுங்க வர்றாங்க. அன்னிக்கு மட்டும் வேணாமே."

"ஹையா, முன்னாடியே சொல்லப்படாதா? சரிலா, வியாழன் வச்சுக்கறேன். மூணு மணிக்கு."

ஹாஃபிஸ் அதைச் சுவரில் தொங்கும் காலண்டரில் குறித்து, தயாளனிடமும் சொன்னான். வியாழக்கிழமை மத்தியானம் தயாளன் கொஞ்சமாகச் சாப்பிட்டான். மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நல்ல சட்டையைக் கழற்றி மடித்து வைத்து, வாளியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.