ஒரு வாய் தண்ணி விழுங்குங்க

கழுத்தைக் காட்டத்தான் மலேசியா போய் வந்தேன் என்று சொன்னால் எங்கள் ஊர் கோவளத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நடந்தது அதுதான்.

செங்கல்பட்டுக்கும் திருப்போரூருக்கும் நடுவில் ஒரு தனியார் நர்சிங் கல்லூரி. அதில் நான் விடுதி வார்டன். நர்சிங் படித்தவள் இல்லை. நூற்றுச் சொச்சம் பெண்களை எழுப்பி விட்டு, சாப்பிட வைத்து, படிக்கிற நேரத்தில் போனைப் பிடுங்கி வைத்து, அதற்காக அவர்களிடம் முதுகுக்குப் பின்னால் திட்டு வாங்குகிற வேலை. "பொன்னிக்கா வருது" என்று ஒருத்தி சொன்னால் போதும், வராண்டா காலியாகிவிடும். என் தொண்டை அப்படி. கொஞ்ச நாளாகக் கரகரவென்று இருந்தது. இந்தக் கழுதைகளிடம் கத்திக் கத்தித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சிநேகா மூன்றாம் வருஷம். எங்கள் ஊர்ப் பெண், அடுத்த தெரு. அவள் அம்மா பிரிசில்லா ஈசிஆரில் ஒரு ரிசார்ட்டில் ரூம் சுத்தம் செய்கிறாள். எங்கள் இரண்டு பேருடைய அம்மாக்களும் அடுத்தவன் கழனியில் ஒன்றாகக் களை எடுத்தவர்கள். அதனால் சிநேகா மேல் எனக்குத் தனிப் பிரியம். அதை வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன். சாம்பாரில் அவளுக்கு மட்டும் முருங்கைக்காய் கூட விழும், அவ்வளவுதான்.

ஆசிய நாடுகளின் நர்சிங் மாணவர்களுக்குக் கோலாலம்பூரில் ஒரு போட்டி வந்தது. எங்கள் கல்லூரியிலிருந்து சிநேகா தேர்வானாள். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் சிங்கப்பூரில் பயிற்சி, பிறகு அங்கேயே வேலை. பிரிசில்லா அன்றைக்கு ரிசார்ட்டிலிருந்து நேராக மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாளாம்.

ஆனால் பிரின்சிபால் வரலட்சுமி மேடம் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார். "வயசுப் பொண்ண தனியா அனுப்ப மாட்டேன். லேடி ஸ்டாஃப் ஒருத்தர் கூடப் போகணும்." ஒரு டீச்சர் மாசமாக இருந்தாள். இன்னொருத்தி பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. மற்றவர்களிடம் பாஸ்போர்ட் கிடையாது. என்னிடம் இருந்தது. துபாய்க்கு வா, வா என்று என் தம்பி வரதன் சொன்னதை நம்பி எடுத்து வைத்தது. கடைசிவரை அவன் டிக்கெட் அனுப்பவேயில்லை. ஆக, பொன்னி போகாவிட்டால் சிநேகாவும் போக முடியாது என்று ஆனது.

அந்த மாசம் முழுக்கச் சாயங்காலம் ஆனால் என் அறையில் ஒத்திகை. கழுத்தில் தைராய்டு கட்டி இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது போட்டியில் ஒரு சுற்றாம். மற்ற பெண்களுக்குக் கழுத்தைத் தொட்டால் கூசும், குதிப்பார்கள். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பேன். சிநேகா எனக்குப் பின்னால் நின்று இரண்டு கை விரல்களையும் என் தொண்டையில் வைப்பாள்.

"ஒரு வாய் தண்ணி விழுங்குங்க."

நான் விழுங்குவேன். விரல் மெல்ல இறங்கும், நகரும், நிற்கும்.

"வீக்கம் இல்ல. கட்டி இல்ல. நார்மல்."

"நார்மல்னு சொல்றத இன்னும் கொஞ்சம் சிரிச்சினு சொல்லுடி" என்பேன். ஒரு நாள் மட்டும் விரல் நின்ற இடத்திலேயே நின்றது. "இன்னொரு வாய் விழுங்குக்கா" என்றாள். விழுங்கினேன். மறுபடி ஒரு வாய். எவ்வளவு சிரத்தை பாரேன் என்று பூரித்துப் போனேன். அன்றைக்கும் நார்மல்தான் சொன்னாள்.

போட்டி நடந்த இடம் பெரிய பல்கலைக்கழகம். உள்ளே ஏசி அப்படி. கூட வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது உதவி செய்ய வேண்டும் என்பது அங்கே வழக்கம். சிலர் தண்ணீர் கொடுத்தார்கள், சிலர் கட்டில் தள்ளினார்கள். என்னை நோயாளி ஆக்கினார்கள். நோய் இல்லாத நோயாளி. மாணவர்கள் ஒவ்வொருவராக அறைக்குள் வந்து என் கழுத்தைச் சோதிப்பார்கள். நடுவர் மார்க் போடுவார். கேட்டால் பெயரும் வயசும் சொல்லலாம், வேறு எதையும் நான் பேசக் கூடாது. நம் ஊர் மாணவியை நம் ஊர்க்காரர் அறைக்கு விட மாட்டார்கள் என்பதால் சிநேகாவுக்கு வேறு அறை.

நடுவர் ஞானம்பாள் மலேசியத் தமிழச்சி. நரைத்த கிராப்பு, கறாரான முகம். போட்டி நேரத்தில் இங்கிலீஷ் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

முதலில் வந்த பிள்ளைகள் எல்லோரும் சிநேகா மாதிரியே செய்தார்கள். தண்ணீர், விழுங்கு, விரல், நார்மல், தேங்க்யூ. எனக்குத் தூக்கமே வந்தது. பிறகு மங்கோலியாப் பெண் ஒருத்தி வந்தாள். குட்டையாக, கன்னம் சிவந்து, கை ஐஸ் மாதிரி. விரலை வைத்தாள். விழுங்கச் சொன்னாள். நின்றாள். திரும்ப விழுங்கச் சொன்னாள். முன்னால் வந்து குனிந்து என் தொண்டையைப் பார்த்தாள். மறுபடி பின்னால் போனாள். அவள் மூச்சு என் காதில் விழுந்தது.

அவள் பேசிய இங்கிலீஷ் உடைந்த இங்கிலீஷ். அதனாலேயே எனக்குப் புரிந்தது. வலது பக்கம், கீழே, கட்டி ஒன்று. கெட்டியாக இருக்கிறது. விழுங்கும்போது ஏறி இறங்குகிறது. இவர் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஞானம்பாள் தாளைப் பார்த்தார். நோயாளி நார்மல் என்று அதில் அச்சாகியிருந்தது. "ஆர் யூ ஷ்யூர்?" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். "ஷ்யூர்" என்றாள். பேனா ஒரு கோடு இழுத்தது. மணி அடித்தது. அவள் கதவு வரைக்கும் போய், திரும்பி வந்து, என் கையைப் பிடித்து, "டாக்டர், ப்ளீஸ்" என்றாள். அதற்கும் சேர்த்து ஞானம்பாள் ஏதோ குறித்துக்கொண்டார்.

அடுத்து வந்த பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று தெரியாது. எல்லோரும் நார்மல்தான் சொன்னார்கள். முடிந்ததும் பாத்ரூமுக்கு ஓடி, கண்ணாடி முன்னால் நின்று, குழாய்த் தண்ணீரை வாயில் பிடித்து விழுங்கினேன். விரலை வைத்துத் தேடினேன். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் இருந்தது. சுண்டைக்காய் அளவு. என் உடம்பிலேயே இருந்துகொண்டு என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறது.

ஐயோ, சிநேகாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? முதலில் வந்த நினைப்பு அதுதான், சத்தியமாக. குழந்தைக்கு மறுநாள் கடைசிச் சுற்று. ஒரு மாசமாகத் தொட்டும் தன் கைக்குத் தெரியவில்லையே என்று உடைந்து போவாள். துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, மூஞ்சியைச் சரி செய்துகொண்டு வெளியே வந்தேன்.

சாயங்காலம் நாங்கள் தங்கியிருந்த விடுதிக்குக் கீழே ஒரு கடையில் ரொட்டி சானாய் என்று அந்த ஊர்ப் பரோட்டா சாப்பிட்டோம். சிநேகா மூன்றாவது இடத்தில் இருந்தாள். பிரிசில்லா வீடியோவில் வந்து, "அக்கா, என் பொண்ண கண்ணுல வச்சி பாத்துக்கோக்கா" என்று ரிசார்ட் யூனிஃபார்மோடு அழுதாள். போனை வைத்த பிறகு சிநேகா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, அந்த மங்கோலியா பொண்ணு காரிடார்ல அழுதுகினு இருந்தா. கட்டி கீதுன்னு சொன்னேன், மார்க் போடலன்னு சொல்றா. உன் ரூம்தானே?"

"ஆமா. அது இன்னாவோ உளறிச்சி. நீ சாப்புடு."

"ஜட்ஜு உன் கழுத்த தொட்டுப் பாத்தாங்களா?"

நான் அவளைப் பார்த்தேன். ஐயோ அக்கா, கட்டியா, எங்கே காட்டு என்று பதற வேண்டிய பெண். பஸ் போய்விட்டதா என்று கேட்கிற மாதிரிக் கேட்கிறாள்.

"இன்னாடி கேட்ட?"

அவள் கை நின்றது. தான் என்ன கேட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கே உறைத்திருக்கும்.

"உனக்குத் தெரியுமா?"

ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்தாள்.

"சிநேகா. உனக்குத் தெரியுமாடி?"

"அன்னிக்கி... மூணு வாட்டி விழுங்கச் சொன்னேனே, அன்னிக்கி."

காது அடைத்துக்கொண்டது. ரோட்டில் போகிற மோட்டார் சைக்கிள் எதுவும் கேட்கவில்லை. அவள் வாய் மட்டும் அசைந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வார்த்தை வந்து சேர்ந்தது.

"சொன்னா நீ ஆஸ்பத்திரிக்குப் போவ. ஸ்கேன், ஊசின்னு எடுப்பாங்க. நீ வரலன்னா மேடம் என்னை அனுப்ப மாட்டாங்க. புக்ல பாத்தேங்கா. இந்தக் கட்டி மெதுவாத்தான் வளரும். ஒரு மாசத்துல ஒண்ணும் ஆவாது. ஊருக்குப் போனதும் நானே கூட்டினு போலாம்னு இருந்தேன். மாதா மேல சத்தியமா இருந்தேங்கா."

"அதுக்கப்புறமும் தெனம் தொட்டியேடி. தொட்டுட்டு நார்மல்னு சொன்னியே. சிரிச்சினு சொல்லுன்னு சொன்னேன், சிரிச்சினு வேற சொன்னியே."

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போல இருந்தது, கை எழவில்லை. புத்தி கெட்டுச் செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இவள் புத்தகம் பார்த்து, யோசித்து, என் உயிரைக் கொஞ்ச நாளைக்கு ஒத்திப்போட்டிருக்கிறாள். நான் முருங்கைக்காய் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

காலையில் நேராக ஞானம்பாளிடம் போனேன். நியாயத்துக்காகப் போனேன் என்று சொன்னால் பொய். ஆத்திரத்தில் போனேன். "அந்தப் பொண்ணு சொன்னது நிஜம். நீங்களே தொட்டுப் பாருங்க" என்று தமிழிலேயே சொல்லி, துப்பட்டாவை எடுத்தேன். அவர் கை வைத்தார். விழுங்கச் சொன்னார். அந்தக் கறார் முகம் அப்படியே தொங்கிப்போனது.

"நேத்து நான் கைய வச்சுப் பார்க்கவே இல்லீங்களே" என்றார். "பேப்பர்ல நார்மல்னு போட்டிருந்துச்சு. எத்தனை நாளா இருக்கு?"

ஒரு மாசமா, தெரிஞ்சவங்களுக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "எனக்கு நேத்துதான் தெரியும்" என்று சொன்னேன்.

மார்க்கைத் திருத்தினார்கள். மங்கோலியாப் பெண் மேலே போனாள், கடைசிச் சுற்று முடிந்தபோது சிநேகா நான்காவதானாள். நான்காவதுக்குச் சிங்கப்பூர் கிடையாது. பரிசளிப்பு முடிந்ததும் அந்தப் பெண் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலே பார்த்தேன். சிநேகா சுவரோரம் நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள். விமானத்தில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து வந்தேன்.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி குத்தி எடுத்துப் பார்த்தார்கள். புற்றுதான். ஆனால் வெட்டி எடுத்தால் போய்விடுகிற வகை என்றார் டாக்டர். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"ஒரு மாசம் முன்னாடியே வந்திருந்தா?"

"இதே ஆபரேஷன்தாம்மா. ஒரு மாசத்துல இதுல ஒரு வித்தியாசமும் இருக்காது."

இதைக் கேட்டு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. அவள் சொன்னது அச்சு அசல் சரி. சரியாகத் தெரிந்துகொண்டு செய்தவளை எதை வைத்துக் கோபித்துக்கொள்வது? வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிநேகாவிடம் டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். "வுடு, போனது போச்சி" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அவள் என் காலில் விழப் போனாள், தடுத்துவிட்டேன்.

பிரிசில்லாவிடம் எதையும் சொல்லவில்லை. மகள் நான்காவதாக வந்ததற்கும் என் கழுத்துக்கும் சம்பந்தம் உண்டென்று அவளுக்குத் தெரியாது. ஆபரேஷன் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு மகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "என் பொண்ண பத்திரமா கூட்டினு போய் கூட்டினு வந்த. இப்போ அவ பாத்துப்பா உன்ன. நர்சு பொண்ணு, அவ கை பட்டா போதும்" என்றாள். சிநேகா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆபரேஷனுக்குப் போடுகிற பச்சை அங்கியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். முதுகுப் பக்கம் திறந்தது. மேல் நாடாவைப் பின்கழுத்தில் கட்ட வேண்டும். கட்டிலில் உட்கார்ந்து அங்கியை மாட்டிக்கொண்டேன். சிநேகா நாடாவைக் கட்ட எனக்குப் பின்னால் வந்தாள். அவள் விரல் என் கழுத்தில் பட்டது.

என்னை அறியாமல் உடம்பு துள்ளி முன்னால் போனது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்றே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். சிநேகாவின் கை அந்தரத்தில் நாடாவைப் பிடித்தபடி அப்படியே இருந்தது.

"இன்னாக்கா?" என்று பிரிசில்லா சிரித்தாள். "கூச்சமா?"

சிநேகா என் கண்ணையே பார்த்தாள்.

"ஆமா, கூச்சம்தான்" என்றேன். "நீ வந்து கட்டு, பிரிசில்லா."