எட்டு ப்ராசஸர்கள்

"இறந்தவர் வயசு?" என்று கேட்ட குமாஸ்தா தலையை நிமிர்த்தவில்லை.

"அறுபத்தெட்டு," என்றாள் அவள். இதே கேள்விக்கு இன்று மூன்றாவது முறையாகப் பதில் சொல்கிறாள். முதல் இரண்டு முறையும் கண் கலங்கியது. இப்போது எரிச்சல்தான் வந்தது. அப்பாவின் வயதைச் சொல்லும்போது எரிச்சல் வருகிறதே என்று அதன்மேல் இன்னொரு எரிச்சல்.

குமாஸ்தா பொத்தானை அமுக்கினார். திரை அப்படியே நின்றுவிட்டது. "போச்சு. பெரியவர் மறுபடியும் படுத்துட்டாரு," என்றவர், யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சிடுங்க மேடம். வாய்ப் பழக்கம்."

இறப்பைப் பதிந்து தகன அனுமதிச் சீட்டு அச்சடிக்கும் அந்த மென்பொருளுக்கு நகராட்சி அலுவலகத்தில் 'பெரியவர்' என்றுதான் பெயர். இருபத்தேழு வருடங்களுக்கு முன் இதே கட்டடத்தில் உட்கார்ந்து அதை எழுதியவர் அவளுடைய அப்பா. இன்று விடியற்காலை நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லிவிட்டுப் படுத்தார், அவ்வளவுதான். இப்போது வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருக்கிறார்கள். மணி இரண்டே முக்கால். தகன மையத்தை ஐந்துக்கு மூடிவிடுவார்கள். அடுத்த இரண்டு நாளும் விடுமுறை. சீட்டு இல்லாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கைபேசி அதிர்ந்தது. தம்பி.

"என்னக்கா ஆச்சு?"

"நின்னுடுச்சுடா."

"பத்து மணிக்குப் போன. அம்மா இன்னும் ஒரு வாய் தண்ணி குடிக்கல. அவரைக் கொண்டுபோன பிறகுதான் குடிப்பாங்களாம். வெயில் வேற கொளுத்துது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான்: "அவர் எழுதின ப்ரோக்ராம் அவரையே இழுத்தடிக்குது பாரேன். அந்தக் குப்பைய என்னிக்கோ தூக்கிப் போட்டிருக்கணும்."

"பாக்கறேன்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

வாய் திறக்க அவளுக்கு ஏது முகம்? மாடியில் கணினிப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. நாலு மாதத்துக்கு முன்பு, மூலையில் இரைந்துகொண்டிருந்த பழைய கணினியிலிருந்து பெரியவரை எடுத்து, புது சர்வருக்குள் ஒரு மெய்நிகர் கணினியில் குடிவைத்ததும் அவள்தான். ஒரே சர்வர், அதற்குள் தனித்தனிக் கணினிகள்போல முப்பது; வரி, குடிநீர், தெருவிளக்கு எல்லாம் அங்கேதான். மற்றதெல்லாம் ஜோராக ஓடின. பெரியவர் மட்டும் படுத்துக்கொண்டார். கூட்டம் சேரச் சேர ஒரு சீட்டுக்கு ஒரு மணி நேரம்கூட ஆனது. புகார் வர வர அவள் ப்ராசஸரைக் கூட்டினாள். இரண்டு நாலானது, நாலு எட்டானது. கூட்டக் கூட இன்னும் மோசமானது.

ஒருநாள் சாப்பிடும்போது அப்பா கேட்டார். "எத்தனை ப்ராசஸர் குடுத்திருக்க?"

"எட்டுப்பா."

"எட்டா! ஒண்ணுக்கு மேல இருந்தா என்ன பண்றதுன்னே அதுக்குத் தெரியாதும்மா. உன் சர்வர்ல ஏற்கெனவே நெரிசல். ஒத்த ஆளு பஸ்ல ஏற, எட்டு இடமும் சேந்து காலியாகட்டும்னு நின்னா, பஸ்ஸுதான் போயிட்டே இருக்கும். ஏழ எடுத்துட்டுப் பாரேன்."

"குறைச்சா வேகம் கூடுமா? வெளிய சொன்னா சிரிப்பாங்கப்பா. உங்க காலம் வேற."

"சரிம்மா," என்று தட்டைப் பார்த்தார்.

அடுத்த வாரம் மேலதிகாரிக்கு அறிக்கை எழுதினாள். 'தாமதத்துக்கு மென்பொருளின் முதுமையே காரணம்' என்று. அதை வீட்டு மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்த் திரும்பியபோது, அப்பா நின்றபடியே அதைப் படித்துக்கொண்டிருந்தார். முழுக்கப் படித்தார். மடிப்புக் கலையாமல் வைத்தார். அதற்குப் பிறகு பெரியவரைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் தோற்றுப்போனதாக ஆகிவிடும் என்று ஒரு வீம்பு. அப்பாவிடம் என்ன வீம்பு வேண்டிக்கிடந்தது!

"மேடம், கையால எழுதிக் குடுத்தா ஒத்துக்க மாட்டாங்களா?" என்றார் குமாஸ்தா.

"மாட்டாங்க." அவள் எழுந்தாள். "பத்து நிமிஷம் எதையும் தொடாதீங்க."

மாடியில் யாரும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து பெரியவரின் மெய்நிகர் கணினியை நிறுத்தினாள். நாலு மாதமாகச் செய்யாத வித்தை இல்லை. நினைவகத்தைக் கூட்டினாள், வட்டை மாற்றினாள், வெளியாளைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினாள். இதை மட்டும் செய்யவில்லை. எட்டு என்று இருந்த கட்டத்தில் ஒன்று என்று அடித்தாள். ஓடக் கூடாது என்று மனசின் ஒரு மூலை வேண்டிக்கொண்டதை அவளால் இல்லையென்று சொல்ல முடியாது. ஓடாவிட்டால் அறிக்கை சரி. ஓடாவிட்டால் அப்பா கூடத்திலேயே கிடப்பார். சீ, என்ன பிறவி நான் என்று தன்னையே திட்டிக்கொண்டு பொத்தானைத் தட்டினாள்.

கீழே வந்தபோது குமாஸ்தா நான்காவது முறையாகப் பெயரையும் வயதையும் அடித்தார். பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் அடுத்த பக்கம் வந்து நின்றது.

"அடேங்கப்பா!" என்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "என்ன மேடம் பண்ணீங்க? புதுசா ஏதாவது போட்டீங்களா?"

"இல்ல. கொஞ்சம் எடுத்தேன்."

பெஞ்சில் ஆறு பேர் இருந்தார்கள். காக்கிச் சட்டை போட்ட வண்டியோட்டி ஒருவர் எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்தார். முந்தைய நாள் மதியத்திலிருந்து அக்காவின் சீட்டுக்காக வந்து வந்து போகிறவர். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"இவ்ளோதானா?" என்றார். குரலில் கோபம் இல்லை. "நேத்தே இதப் பண்ணியிருக்கலாமேம்மா."

குமாஸ்தா முந்திக்கொண்டார். "அய்யா, அவங்களே அப்பாவ வீட்டுல வச்சிட்டு..."

"பண்ணியிருக்கலாங்க," என்றாள் அவள். "நாலு மாசம் முன்னாடியே பண்ணியிருக்கலாம்."

குமாஸ்தா அச்சுப் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனார். அவள் தடுத்தாள். "இவங்களுக்கெல்லாம் முதல்ல போடுங்க. எங்களுக்கு அப்புறம்."

"மேடம், அஞ்சு மணிக்கு..."

"இனிமே நேரம் ஆகாது."

கைபேசி மறுபடி அதிர்ந்தது. "கெடைச்சுதாக்கா? அந்தச் சனியன் எழுந்திரிச்சுதா?"

"அப்பா ப்ரோக்ராமத் திட்டாதடா. அதுல ஒரு தப்பும் இல்ல. தப்பு பண்ணது நான்."

"என்னக்கா சொல்ற?"

"வீட்டுக்கு வந்து சொல்றேன். அம்மா முன்னாடியே சொல்றேன்."

வண்டியோட்டி தன் சீட்டை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்தார். அவருக்குப் பின்னால் ஐந்து பேர். அவள் போய்க் கடைசியில் நின்றாள். சுவரில் சாய்ந்துகொள்ளலாம் என்று பார்த்தாள். அதற்குள் முன்னால் நின்றவர் நகர்ந்துவிட்டார். அவளும் ஓர் அடி எடுத்து வைத்தாள். நிற்பதற்குள் இன்னோர் அடி.