நாலு மணிக்குத் தூங்கும் கை

என்னிடம் பழமொழி சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அதிலும் "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று ஆரம்பிப்பவரை நாற்காலியோடு தூக்கி வாசலில் வைத்துவிடலாம்போல இருக்கும். பதினெட்டு வருடமாக நான் பார்க்கும் வேலையே ஐம்பதில் வளைக்கிற வேலைதான். பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதி போய்விட்டால், மிச்சம் இருக்கும் பகுதி அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும். அதற்குக் கையை ஆயிரக்கணக்கான தடவை அசைத்துப் பழக வேண்டும். ஆறு மாதத்துக்குள் வந்தால் வந்தது, அப்புறம் வராது என்று பலர் சொல்வார்கள். மூன்று வருடம் கழித்தும் வரும் என்பது என் கட்சி.

அந்தப் பழமொழியை என்மேல் முதலில் எறிந்தவர் ஒரு பேராசிரியர். நான் என் முதல் கட்டுரையை வாசித்து முடித்ததும், நிறைந்த அரங்கில் எழுந்து நின்று சொன்னார். அரங்கமே சிரித்தது. இப்போது என் ஆய்வைத் தொடரலாமா, மூடிவிடலாமா என்று முடிவு செய்யும் குழுவுக்கு அவர்தான் தலைவர். என் ராசி அப்படி.

ஆய்வில் நாற்பது பேர். காலையில் மூன்று மணி நேரம் நல்ல கைக்குத் தடித்த உறை மாட்டிவிடுவோம். பல் தேய்ப்பதிலிருந்து கதவு திறப்பதுவரை பலவீனமான கைதான் செய்தாக வேண்டும். மற்ற நேரத்தில் பீன்ஸ் விதை பொறுக்குவது, கோப்பை அடுக்குவது என்று வீட்டுப் பயிற்சி. பலவீனமான கையில் வாட்ச் மாதிரி ஒரு கருவி, அசைவை எண்ணுவதற்கு. ஒவ்வொரு அசைவுக்கும் அதில் ஒரு பச்சை விளக்கு மினுக்கும். நோயாளிக்கு உற்சாகம் வரட்டும் என்று நானே யோசித்து வைத்த விளக்கு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு திங்கள்கிழமை கணக்கம்மா என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். ஆய்வின் புள்ளிவிவரமெல்லாம் அவள் பொறுப்பு. வாழ்க்கையில் ஒருமுறைகூட 'ஏறக்குறைய' என்று சொல்லாதவள்.

"பதினேழாம் நம்பர் ஆளு மார்க்குல முதல் இடம். அசைவுல கடைசி இடம்."

"கடைசின்னா?"

"தினமும் நாலு மணியிலேருந்து ஆறு மணி வரைக்கும் பூஜ்யம்."

"தூங்குவாரா இருக்கும்."

"தூங்கறவங்க புரண்டாவது படுப்பாங்க. இது சுத்தமான பூஜ்யம். மிச்ச நேரமும் பேருக்குத்தான் அசைக்கறாரு. பேராசிரியர் இதைப் பாத்துட்டாரு. பயிற்சியே பண்ணாத கைக்கு மார்க் போட்டது யாருன்னு கேட்டு எழுதியிருக்காரு. அடுத்த செவ்வாய்க்கிழமை நேர்ல வராராம்."

கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று மாதாமாதம் சோதித்து மார்க் போடுவது எங்கள் பிசியோ. யார் எவ்வளவு பயிற்சி செய்தார் என்று அவளுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. பதினோரு வருடத்தில் யாருக்கும் அரை மார்க் கூடுதலாகப் போட்டதில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு, "என்னைத் திருடின்னு சொல்றாரா?" என்று மட்டும் கேட்டாள். பதினேழாம் நம்பருக்கு நான் விளக்கம் சொல்லாவிட்டால் அவள் பெயர் கெடும், ஆய்வு மூடப்படும், நாற்பது பேரும் பாதியில் வீட்டுக்குப் போவார்கள்.

பதினேழாம் நம்பர், ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வுபெற்ற மனிதர். வயது அறுபத்தொன்று. இடது கை விழுந்து மூன்று வருடம். சனிக்கிழமை சரியாக நாலு மணிக்கு அவர் வீட்டின் இரண்டு மாடிகளையும் மூச்சிரைக்க ஏறினேன். அவர் மனைவி கதவைத் திறந்தார்.

"வாங்க டாக்டர். சீட்டாட்டத்துக்கு ஒரு கை குறையுதேன்னு பாத்தோம்."

மேஜையில் ரம்மி நடந்துகொண்டிருந்தது. டிக்கெட்காரரும், மனைவியின் தம்பியும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். தம்பி லேத் பட்டறை வைத்திருப்பவர். அந்தம்மாவும் கவிழ்த்து வைத்திருந்த தன் சீட்டுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். டிக்கெட்காரருக்கு முன்னால் துணி துவைக்கும் பிரஷ் ஒன்று மல்லாந்து கிடந்தது. அதன் மயிர்களுக்கு நடுவே தன் சீட்டுகளைச் செருகி நிறுத்தியிருந்தார். ஒரு கையால் ஆடுகிறவருக்கு நல்ல ஏற்பாடுதான். என் கருவி பிரிட்ஜின் மேல் கிடந்தது.

"அரிக்குது டாக்டர், அதான் கழட்டினேன்" என்றார்.

அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன். மூன்று ஆட்டம், மூன்றிலும் அவருக்கே ஜெயம். சீட்டாடும்போது எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்குத் தொழில் புத்தி, கையைத்தான் பார்ப்பேன். நாலாவது ஆட்டத்தில் அவர் மடியில் கிடந்த இடது கை மெல்ல நகர்ந்தது. உட்கார்ந்திருந்த மெத்தைக்கும் தொடைக்கும் நடுவே போயிற்று. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, முந்தின ஆட்டத்தில் ஒளித்துவைத்த ஜோக்கரைக் கவ்வி, மேஜை விளிம்புவரை கொண்டுவந்து வலது கையிடம் ஒப்படைத்தன.

இரண்டு விரலால் கவ்வுவது! பீன்ஸ் விதையைக் கொட்டி மாதக்கணக்கில் நான் தவம் கிடந்தது அதற்குத்தான். எழுந்து கத்தலாம்போல இருந்தது. நிமிர்ந்தால், திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வழியனுப்பும் சாக்கில் மாடிப்படிவரை என்னோடு வந்தார்.

"முப்பத்திரண்டு வருஷம் டிக்கெட் இல்லாதவங்களப் புடிச்சவன் டாக்டர் நான். திருட்டு முழி எப்படி இருக்கும்னு எனக்கு அத்துப்படி. அதனால முழிய மாத்திக்கிட்டேன். செத்த கைய யாரு சந்தேகப்படுவாங்க?"

"வாட்ச ஏன் கழட்டினீங்க?"

"உங்க பச்சை விளக்கு காட்டிக் கொடுத்துடுமே! ஒவ்வொரு சீட்டுக்கும் மினுக்கு மினுக்குன்னு."

என் கர்வம் அங்கேயே படியில் உருண்டு போயிற்று.

"அந்த பீன்ஸ் விதையாவது பொறுக்கியிருக்கலாமே?"

"பொறுக்கி என்ன பண்ணச் சொல்றீங்க? ஜோக்கருக்கு ஒரு மதிப்பு இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. மூணு வருஷமா என் சட்டைப் பொத்தானக்கூட அவதான் போட்டு விடறா. இந்த மேஜைல மட்டும்தான் நான் அவள ஜெயிக்கறேன்."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பஸ்ஸில் ஏறியபிறகுதான் நான் கொடுத்தது எவ்வளவு பெரிய வாக்கு என்று உறைத்தது. பேராசிரியரிடம் உண்மையைச் சொல்லாமல் பிசியோவைக் காப்பாற்ற முடியாது. சொன்னால் இந்த மனிதரின் ஒரே வெற்றியும் போய்விடும்.

செவ்வாய்க்கிழமை பேராசிரியர் என் காகிதங்களைத் தொடக்கூட இல்லை.

"பூஜ்யம் நாலு மணிக்குத்தானே? நாலு மணிக்கே போவோம். நானே பாக்கறேன்."

போனோம். தம்பி சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தார். அந்தம்மா நாற்காலி இழுத்துப் போட்டு, "ரம்மி ஆடுவீங்களா சார்?" என்று கேட்டார். பேராசிரியர் தன் கிளப்பில் ரம்மிக்கு மூன்று வருடம் தொடர்ந்து கோப்பை வாங்கியவர் என்று எங்களுக்கெல்லாம் தெரியப்படுத்திவிட்டு உட்கார்ந்தார். ஆட வேண்டாம் என்று டிக்கெட்காரருக்குக் கண்ஜாடை காட்டினேன். கேட்டால்தானே? கோப்பை என்ற சொல் காதில் விழுந்ததுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

முதல் ஆட்டத்தில் பேராசிரியர் தோற்றார். இரண்டாவதிலும் தோற்றார். மூன்றாவதில் அவர் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. எழுந்து நின்றிருந்தார்.

"இந்த ஆளு ஏமாத்தறாரு! தொடைக்கு அடியிலேருந்து சீட்டு எடுத்தாரு. என் கண்ணால பாத்தேன்!"

"எந்தக் கையால சார் எடுத்தாரு?" என்று கேட்டேன்.

"இடது கையாலதான்! ரெண்டு விரலால, இதோ இப்படி…"

செய்துகாட்ட உயர்ந்த அவருடைய இரண்டு விரல்களும் அப்படியே நின்றுவிட்டன. தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே அப்போதுதான் புரிந்தது.

"அவருக்கு வயசு அறுபத்தொண்ணு சார். ஐம்பதக்கூடத் தாண்டிட்டாரு" என்றேன். பதினெட்டு வருடப் பாக்கி அது, என்னால் அடக்க முடியவில்லை.

ஆனால் டிக்கெட்காரர் எங்களைப் பார்க்கவே இல்லை. மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. வாக்கை நான் மீறவில்லை, ஆனாலும் ரகசியம் உடைந்துவிட்டது.

அந்தம்மா சீட்டுகளைப் பொறுக்கிக் கலைக்கத் தொடங்கினார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்போலேருந்து?"

"அஞ்சு மாசமா. மொதல் தடவ எடுக்கறப்ப கீழ போட்டுட்டீங்க. நான் பாக்காத மாதிரி சமையலறைக்குப் போய், குழாயத் தொறந்துவிட்டு அழுதேன். கை வந்துடுச்சேன்னு." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம் உங்களுக்கு சுலபமா போயிடக் கூடாதேன்னு வாரா வாரம் மெத்தைய மாத்திப் போட்டேன். வழவழன்னு புதுச் சீட்டு வாங்கினேன். இதெல்லாம் தானா நடந்துச்சுன்னா நெனச்சீங்க?"

"அக்கா தோக்கச் சொன்னா மாமா, தோத்தேன். போன வாரம் கைல நாலு ஜோக்கர வச்சுக்கிட்டுத் தோத்தேன்" என்றார் தம்பி.

பயிற்சியை எப்படிப் படிப்படியாகக் கடினமாக்குவது என்று நான் எழுதிய புத்தகம் முந்நூறு பக்கம். இந்த அம்மா ஒரு மெத்தையை வைத்து அதைச் செய்து முடித்திருந்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, எழுந்துபோய் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது.

டிக்கெட்காரர் தன் இடது கையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார், "அப்போ நான் ஒரு ஆட்டங்கூட ஜெயிக்கலையா?"

"எங்க ஜெயிச்சீங்க?" என்று சீட்டுக்கட்டை அவர் முன்னால் தள்ளினார். "இப்ப ஜெயிச்சுக் காட்டுங்க. இடது கையால போடுங்க. இனிமே விட்டுக்கொடுக்கறதா இல்ல."

பேராசிரியர் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். "எனக்கும் சேத்துப் போடுங்க" என்றார். நான் பிரிட்ஜின் மேலிருந்த கருவியை எடுத்து டிக்கெட்காரரின் மணிக்கட்டில் கட்டினேன். அந்த ஆட்டத்திலும், அடுத்தடுத்த ஆட்டங்களிலும் அவர் மனைவியிடம் படுதோல்வி அடைந்தார். தோற்கத் தோற்க அவர் சிரித்த சிரிப்பு கீழ்வீடுவரை கேட்டிருக்கும்.

இறங்கும்போது மாடிப்படியில் நின்றே பேராசிரியர் பிசியோவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். பழமொழி எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை கணக்கம்மா கூப்பிட்டாள்.

"பதினேழாம் நம்பர் வாட்ச் கெட்டுப்போச்சு. மாத்திடுங்க."

"என்ன ஆச்சு?"

"நேத்து நாலு மணிக்கு மேல அறுநூத்திப் பன்னண்டு அசைவு காட்டுது."